எம்.பி. சம்பளம் யாருக்காக வந்தது? ஓசூர் தொழிலாளி டெல்லி போகும் வழியில் நிற்கும் தடைகள்

2025 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளம் ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.1,24,000 ஆக உயர்ந்தது. 2023 ஏப்ரல் முதலே உயர்வு கணக்கில் வரும் என்று அறிவித்தார்கள். முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியமும் ரூ.25,000லிருந்து ரூ.31,000 ஆனது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஆண்டுக்கணக்கில் காண்ட்ராக்ட்டிலேயே இருப்பவர்களுக்கு இதைக் கேட்டுக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தோடு சேர்ந்து ஒரு கோரிக்கையும் கிளம்புகிறது: “எம்.பி. பதவி சேவைதானே, அதற்கு எதற்குச் சம்பளம்? நிறுத்திவிட வேண்டியதுதானே?”

இந்தக் கோரிக்கை நிறைவேறினால் முதலில் அடிபடப்போவது தொழிலாளிதான். எம்.பி.க்குச் சம்பளம் வேண்டும் என்று முதலில் போராடியவர்களே உழைப்பாளிகள். ஆனால் இன்று ஒரு தொழிலாளி டெல்லி போக முடியாமல் தடுப்பது சம்பளக் குறைவு இல்லை. தடை அதற்கு வெகு முன்னால், வேட்பாளர் ஆவதற்கு முன்பே வந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சட்டம், அப்புறம் கிருஷ்ணகிரி தொகுதியின் நிலவரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யார் ‘தொழிலாளர் எம்.பி.’?

இந்தப் பெயரில் மூன்று வகையானவர்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

1. தானே ஆலையிலோ சுரங்கத்திலோ கூலிக்கு உழைத்து, அங்கிருந்து அரசியலுக்கு வந்தவர்.

2. தொழிலாளியாக இல்லாமல், முழுநேரமும் தொழிலாளர்களுக்காக நின்ற வெளியாள். 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வ.உ.சி.யோடு சேர்ந்து நடத்திய சுப்பிரமணிய சிவா இப்படிப்பட்டவர். நம் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில்தான் 1925இல் அவர் உயிர் பிரிந்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை ஏற்ற பி.பி.வாடியாவும் இந்த வகைதான்.

3. கட்சி வழியாகத் தொழிற்சங்கப் பொறுப்புக்கும், அப்படியே தேர்தலுக்கும் வந்தவர்.

கிருஷ்ணகிரிக்குத் தொழிற்சங்கத் தலைவர் எம்.பி.யாக இருப்பது புதிதில்லை. காங்கிரஸ் சார்புத் தொழிற்சங்கமான ஐ.என்.டி.யு.சி.யின் தலைவர்களில் ஒருவராக இருந்த வாழப்பாடி கூ. இராமமூர்த்தி 1977இல் தருமபுரியிலும், 1980 தொடங்கி 1991 வரை நான்கு தேர்தல்களில் கிருஷ்ணகிரியிலும் காங்கிரஸ் சார்பில் வென்றார். நரசிம்ம ராவ் அமைச்சரவையில் தொழிலாளர் துறை இணையமைச்சரானார். காவிரிப் பிரச்சினையில் பதவி விலகினார். சங்கமும் பெரிய கட்சியும் கைகோத்தால் இங்கே என்ன நடக்கும் என்பதற்கு அவர் சான்று.

இரண்டாவது, மூன்றாவது வகையினர் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் முதல் வகையினரின் எண்ணிக்கைதான் ஒரு ஜனநாயகம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் காட்டும். எந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நின்றவர் சட்டம் எழுதும் இடத்தில் உட்கார முடிகிறதா என்பதுதான் இங்கே கேள்வி. அந்த வகைக்கு முன்னோடியான ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்தால் எல்லாத் தடைகளும் வரிசையாகத் தெரிந்துவிடும்.

சுரங்கத்திலிருந்து சபைக்கு: கீர் ஹார்டி

ஜேம்ஸ் கீர் ஹார்டி 1856இல் ஸ்காட்லாந்தின் நிலக்கரிப் பகுதியான லானார்க்‌ஷயரில் பிறந்தார். தாய் வீட்டு வேலை செய்தவர். வளர்ப்புத் தந்தை கப்பல் தச்சர். ஏழெட்டு வயதில் எடுபிடி வேலைக்குப் போன பையன், பத்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கினான். காற்று போய்வரும் கதவைத் திறந்து மூடுவதுதான் முதல் வேலை. நாள் முழுவதும் இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். படிப்பெல்லாம் வீட்டிலும் இரவுப் பள்ளியிலும்தான். சுரங்கத்துக்குள் இருந்தபடியே சுருக்கெழுத்துப் பழகினார்.

இருபது வயதைத் தாண்டியதும் கூலிக்காகப் பேச ஆரம்பித்தார். முதலாளிகள் அவரையும் அவர் தம்பிகளையும் வேலையை விட்டு நிறுத்தி, வட்டாரத்தில் வேறெந்தச் சுரங்கத்திலும் வேலை கிடைக்காதபடி செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சங்க வேலையும் பத்திரிகை எழுத்தும்தான் அவருக்குச் சோறு போட்டன.

1888இல் மிட் லானார்க் இடைத்தேர்தலில் தொழிலாளர் வேட்பாளராகத் தனித்து நின்றார். கிடைத்த வாக்குகள் 617. அந்தக் காலத்தில் தேர்தல் அதிகாரியின் செலவைக்கூட வேட்பாளர்கள்தான் பங்கிட்டுக் கட்ட வேண்டும். வாக்குச்சாவடி அமைக்கும் செலவு வரை வேட்பாளர் தலையில் விழுந்தது. இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும்போது, கூலிக்காரர்கள் நிற்கக் கூடாது என்று தனியாக ஒரு சட்டம் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

1892இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதியில் வென்றார். நீண்ட கறுப்புக் கோட்டும் உயரமான தொப்பியும் வழக்கமாக இருந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சபைக்குள் சாதாரண ட்வீட் உடையோடு போனார். அடுத்த ஆண்டே பிராட்ஃபோர்டு நகரில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். எம்.பி.க்குச் சம்பளம் கிடையாது. பகலில் சபை, மற்ற நேரத்தில் எழுத்தும் மேடைப் பேச்சும் என்றுதான் காலம் ஓடியது.

1894 ஜூன் 23 அன்று வேல்ஸில் உள்ள ஆல்பியன் சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்து 290 பேர் இறந்தார்கள். அதே நாளில் அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பின்னாளில் எட்டாம் எட்வர்டு ஆன குழந்தை அது. சபை அரச குடும்பத்துக்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது. இறந்த தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு இரங்கலையும் அதோடு சேர்க்கச் சொன்னார் ஹார்டி. மறுத்துவிட்டார்கள். கூச்சலுக்கு நடுவே தனி ஆளாக எழுந்து அவர் எதிர்த்துப் பேசினார். தொழிலாளி ஒருவர் சபைக்குள் இருந்தால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு நாளைக் காட்டலாம். 290 குடும்பங்களின் சாவை அன்றைய வேலைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அங்கே தோன்றியது அவருக்குத்தான்.

1895இல் தோற்றார். 1900இல் வேல்ஸின் மெர்தர் டிட்ஃபில் தொகுதியிலிருந்து திரும்பி வந்தார். சங்கங்கள் சேர்ந்து அமைத்த தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு அந்தத் தேர்தலில் பிடித்தது இரண்டே இடங்கள். 1906இல் அது 29 ஆனது. அந்தக் குழுதான் தொழிலாளர் கட்சியாகப் பெயர் மாறியது. நாடாளுமன்றத்தில் அதன் முதல் தலைவர் ஹார்டி. 1907இல் இந்தியா வந்தபோது, கனடாவுக்குக் கொடுத்ததைப் போல இந்தியாவுக்கும் தன்னாட்சி வேண்டும் என்று பேசி லண்டன் பத்திரிகைகளின் ஏச்சை வாங்கிக்கட்டிக்கொண்டார். 1915இல் இறந்தார்.

சங்கப் பணம், நீதிமன்றம், அரசுச் சம்பளம்

இரண்டு இடம் 29 ஆனது எப்படி? சங்கங்கள் சந்தா வசூலித்து ஒரு நிதி திரட்டி, வென்ற உறுப்பினர்களுக்கு அதிலிருந்து ஆண்டுக்கு 200 பவுண்டு கொடுத்தன. தொழிலாளி எம்.பி. பட்டினி கிடக்காமல் சபையில் உட்கார முடிந்தது. அதற்குப் பிறகு நடந்தவை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்தவை:

1. 1909இல் ஆஸ்போர்ன் என்ற ரயில்வே ஊழியர் தொடுத்த வழக்கில், சங்கப் பணத்தை அரசியலுக்குச் செலவிடக் கூடாது என்று, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தொழிலாளர் எம்.பி.க்களின் வருமானம் நின்றுபோனது.

2. அந்த நெருக்கடிதான் 1911இல் எல்லா எம்.பி.க்களுக்கும் அரசே ஆண்டுக்கு 400 பவுண்டு தரும் முடிவுக்குத் தள்ளியது. 1838இலேயே, தொழிலாளர்களின் வாக்குரிமைக்காகப் பிரிட்டனில் போராடிய சார்ட்டிஸ்ட் இயக்கம் முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்திருக்கிறது.

3. 1913இல் பிரிட்டன் வேறொரு சட்டம் போட்டது. சங்கம் அரசியலுக்குத் தனி நிதி வைத்துக்கொள்ளலாம், அதில் பணம் போட விரும்பாத உறுப்பினர் விலகிக்கொள்ளலாம் என்றது.

4. இந்தியாவின் 1926 தொழிற்சங்கச் சட்டம் 16ஆம் பிரிவில் இதே ஏற்பாட்டைச் செய்தது. தேர்தல் செலவு, கூட்டம், துண்டறிக்கை ஆகியவற்றோடு, சட்டசபையிலோ உள்ளாட்சியிலோ உறுப்பினராக இருப்பவரின் பராமரிப்புச் செலவையும் அந்தத் தனி நிதியிலிருந்து கொடுக்கலாம் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். யாரையும் பணம் போடக் கட்டாயப்படுத்தக் கூடாது.

5. சுதந்திரத்துக்குப் பிறகு 1954இல் நாடாளுமன்ற உறுப்பினர் சம்பளச் சட்டம் வந்தது. மாதம் 400 ரூபாய், சபை நடக்கும் நாட்களுக்குத் தினப்படி 21 ரூபாய்.

1954க்கு முன்னால் இங்கே வேறொரு வழியும் இருந்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் 6 இடங்கள் தொழிலாளர் தொகுதிகள். கோவை ஆலைத் தொழிலாளர் தலைவர் என்.ஜி.ராமசாமி 1937இல் அப்படி ஒரு தொகுதியில்தான் வென்றார். வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபோது அந்தத் தனித் தொகுதிகள் போய்விட்டன. போனது சரியே. நிலச்சுவான்தார்களுக்கும் வணிகர்களுக்கும் அதே சபையில் தனி இடங்கள் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. ஆனால் போன இடத்தில் தொழிலாளிக்கு மாற்று வழி எதுவும் வரவில்லை.

சட்டம் என்ன கேட்கிறது?

ஓசூரில் நிரந்தரத் தொழிலாளி ஒருவர் கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியில் நிற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1. வயது 25 நிறைந்திருக்க வேண்டும். இந்தியாவின் ஏதாவது ஒரு மக்களவைத் தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். வேலை ஓசூரில், ஓட்டு அரூரில் என்று இருப்பவர்கள் இங்கே நிறைய. அரூர் தருமபுரி மக்களவைத் தொகுதியில் வருகிறது. ஆனாலும் அவர் கிருஷ்ணகிரியில் நிற்கலாம்.

2. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். மற்றவர்களுக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும்.

3. டெபாசிட் ரூ.25,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. முதல் பொதுத்தேர்தலில் இது 500 ரூபாயாக இருந்தது. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் பணம் திரும்பும். கிருஷ்ணகிரியில் 11 லட்சம் செல்லும் வாக்குகள் விழுந்தால் 1,83,333ஐத் தாண்ட வேண்டும்.

4. சொத்து, கடன், வழக்கு, படிப்பு விவரங்களோடு பிரமாணப் பத்திரம். வேலைநிறுத்தம், மறியல் தொடர்பாக நிலுவையில் உள்ள வழக்குகளையும் விடாமல் எழுத வேண்டும்.

5. செலவு உச்சவரம்பு ரூ.95 லட்சம். தனி வங்கிக் கணக்கு. முடிவு வந்த 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு. தகுந்த காரணம் இல்லாமல் கொடுக்கத் தவறினால் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டு தகுதி நீக்கம் செய்யலாம்.

அரசு நிறுவனத்தில் வேலை செய்பவர் நிற்கலாமா என்ற சந்தேகமும் அடிக்கடி வருகிறது. ஆதாயம் தரும் அரசுப் பதவியில் இருப்பவர் உறுப்பினராக முடியாது என்கிறது அரசியலமைப்பின் 102ஆவது பிரிவு. மாநிலச் சட்டமன்றத்துக்கும் இதே விதி உண்டு. பத்ராவதி இரும்பாலை ஊழியர் ஒருவர் மைசூர் சட்டமன்றத்துக்கு வென்றதை எதிர்த்த வழக்கில், அரசுக்குச் சொந்தமான கம்பெனியில் வேலை பார்ப்பதாலேயே அது அரசுப் பதவி ஆகிவிடாது என்று 1969இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிறுவனத்தின் பணி விதி வேறு, அரசியலமைப்புத் தகுதி வேறு. தேர்தலில் நிற்கக் கூடாது என்று பணி விதி சொன்னால், வென்ற இடம் செல்லும், வேலைதான் ஆட்டம் காணும். பணி விதியை மனு போடுவதற்கு முன்பே படித்துப் பார்த்துவிட வேண்டும்.

சட்டத்தில் எழுதாத தடைகள்

மேலே உள்ள பட்டியலைப் பார்த்தால் வழி திறந்திருப்பது போலத்தான் தோன்றும். நடைமுறை அப்படி இல்லை.

முதலில் நாட்கள். 2024 தேர்தலில் தமிழ்நாட்டுக்கான அறிவிக்கை மார்ச் 20இல் வந்தது. மனு தாக்கல் மார்ச் 27 வரை, வாபஸ் மார்ச் 30, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. ஒரு மாத ஷிப்ட் அப்படியே போகிறது. தளி, வேப்பனப்பள்ளி, ஓசூர், பர்கூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது கிருஷ்ணகிரி. வாக்காளர்கள் சுமார் 16 லட்சம். தளி மலைக் கிராமங்களில் கன்னடமும், வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கும் பேசி ஓட்டுக் கேட்க வேண்டும். வேலையைப் பார்த்துக்கொண்டே மாலையில் பிரசாரம் செய்து முடிக்கிற தொகுதி இல்லை இது. வாக்குப்பதிவு அன்று தொழிலாளிகளுக்குச் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. ஓட்டுப் போட வருபவரை நினைத்த அந்தச் சட்டம், ஓட்டுக் கேட்டு நிற்கும் தொழிலாளிக்கு விடுப்பு பற்றியோ, தோற்றால் பழைய வேலைக்குத் திரும்பும் உரிமை பற்றியோ ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு இதுதான் ஆகப் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது.

அடுத்தது பணம். 95 லட்சம் என்ற வரம்பு எல்லோரையும் சமமாக்குவது போல இருக்கும். ஆனால் கட்சி பொதுவாகச் செய்யும் பிரசாரமும், நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும் வேட்பாளர் கணக்கில் சேராது. வேட்பாளரின் பெயரையோ படத்தையோ சொல்லிச் செய்ததுதான் அவர் கணக்கு. கட்சி இல்லாதவருக்கு இந்த வாசல் கிடையாது. அவர் அடிக்கும் ஒவ்வொரு போஸ்டரும் அவர் பையிலிருந்தே போக வேண்டும். 1888இல் ஹார்டி சந்தித்த அதே சிக்கல்தான் வேறு உருவில் இங்கே நிற்கிறது.

மூன்றாவது, சங்கத்தின் பலமே குறைந்தது. இதைப் பற்றிப் பேச்சு அதிகம் வருவதில்லை. ஓசூரில் சிப்காட் வந்து, 1980 வாக்கில் பெரிய வாகன ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கியபோது, பையன்கள் பயிற்சியாளராகச் சேர்ந்து நிரந்தரமானார்கள். சங்கத்தில் சேர்ந்து, கிளைச் செயலாளர் ஆகி, பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் அளவுக்கு வளர ஒருவருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு பிடிக்கும். பேசக் கற்பதும், கணக்கு வாசிப்பதும், கோபத்தை அடக்கிப் பேரம் பேசுவதும் அந்த ஆண்டுகளில்தான் கைவரும். ஹார்டியும் இப்படித்தான் உருவானார். இன்று அதே வரிசையில் பக்கத்தில் நிற்பவர் காண்ட்ராக்ட்டில் இருக்கிறார், அல்லது சில மாதப் பயிற்சி ஒப்பந்தத்தில். ஒப்பந்தக்காரர் மாறினால் அவர் வேலை செய்யும் ஆலையும் மாறிவிடும். வெளி மாநிலத்திலிருந்து வந்தவருக்கு இங்கே ஓட்டே இருக்காது. தருமபுரியிலிருந்து பெங்களூரு கட்டட வேலைக்குப் போகிறவருக்கு ஓட்டு ஊரில் இருக்கிறது, ஆனால் ஊர்க் கூட்டத்தில் உட்கார நேரம் இல்லை. பத்தாண்டு ஒரே இடத்தில் நின்று, ஆயிரம் பேர் முகம் அறிந்த ஆளாக வளர்வதற்கு இந்த வேலைமுறை இடம் கொடுப்பதில்லை.

நான்காவது, சீட். கட்சி வேட்பாளரைத் தேடும்போது முதலில் பார்ப்பது செலவு தாங்குவாரா என்பதையும் சமுதாய வாக்குக் கணக்கையும்தான். முந்தைய மூன்று தடைகளும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன. தனியாக விளக்கத் தேவையில்லை.

வென்றுவிட்டால்?

சம்பளத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. வீட்டு வாடகைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் யாரிடமும் கைநீட்டாமல் டெல்லியில் இருக்க அது உதவும். தொகுதி மேம்பாட்டு நிதியான ஆண்டுக்கு ரூ.5 கோடி எம்.பி. கைக்கு வருவதில்லை. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்து முடிக்கும்.

தொழிலாளிக்காகப் பேச அவரிடம் உள்ள கூர்மையான கருவி கேள்வி நேரம். மக்களவையில் ஒரு நாளில் வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகள்தான் பட்டியலில் இடம் பெறும். மற்றவற்றுக்கு எழுத்துப் பதில். காண்ட்ராக்ட் தொழிலாளர் எண்ணிக்கை, ஆலை விபத்து, வருங்கால வைப்பு நிதி நிலுவை என்று எழுத்தில் வாங்கிய பதில் நீதிமன்றம் வரை பயன்படும். வாக்கெடுப்பு என்று வந்தால் 1985இல் அரசியலமைப்பில் சேர்த்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், குறுக்கே நிற்கும். கொறடா உத்தரவை மீறினால் பதவி போய்விடலாம். தொழிலாளருக்குப் பாதகமான மசோதாவைத் தன் கட்சியே கொண்டுவந்தால், சங்கத்திலிருந்து வந்தவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பதவி ஒரு கவசம் என்று நினைத்தாலும் தவறு. ரயில்வே தொழிற்சங்கத் தலைவரான கே.அனந்தன் நம்பியார் 1952இல் மயிலாடுதுறையிலிருந்தும், 1962லும் 1967லும் திருச்சியிலிருந்தும் மக்களவைக்குப் போனவர். எம்.பி.யாக இருக்கும்போதே இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி தடுப்புக் காவலில் வைத்தார்கள். அவரும் ஆர்.உமாநாத்தும் உச்ச நீதிமன்றம் போனார்கள். தடுப்புக் காவலைப் பொறுத்தவரை எம்.பி.க்குச் சாதாரணக் குடிமகனைவிட மேலான உரிமை கிடையாது என்று 1965இல் தீர்ப்பு வந்தது.

வழி எங்கே திறக்கலாம்?

சம்பள உயர்வை எதிர்ப்பதில் செலவாகும் சக்தியில் கொஞ்சத்தை இங்கே திருப்பலாம் என்பது என் கருத்து.

முதலாவது, சங்கங்களின் அரசியல் நிதி. 1926 சட்டத்தின் இடத்துக்கு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அரசியல் நலனுக்குத் தனி நிதி, விருப்பமுள்ளவர் மட்டும் பணம் போடலாம் என்ற ஏற்பாடு அதிலும் இருக்கிறது. மாதம் பத்து ரூபாய் வீதம் ஐயாயிரம் பேர் போட்டால் ஆண்டுக்கு ரூ.6 லட்சம். மக்களவைக்கு அது போதாது. ஆனால் ஓசூர் மாநகராட்சி வார்டுக்கோ, ஒரு வேட்பாளரின் மூன்று மாதக் குடும்பச் செலவுக்கோ போதும். நிரந்தரத் தொழிலாளர் சங்கம் காண்ட்ராக்ட் தொழிலாளியையும் உறுப்பினராகச் சேர்த்தால்தான் அந்த ஐயாயிரம் கிடைக்கும்.

இரண்டாவது, ஊரிலிருந்து தொடங்குவது. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் பதவிகளுக்குத் தமிழ்நாட்டில் கட்சிச் சின்னம் கிடையாது. டெபாசிட் சிறிது, தொகுதி சிறிது, ஷிப்ட் முடிந்து வந்தே வாக்குக் கேட்க முடியும். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் உள்ளாட்சிக்குள் நுழைந்ததும் இந்த வழியில்தான். உள்ளாட்சி இடங்களில் பாதி அவர்களுக்கு ஒதுக்கீடு. ஆனால் கிருஷ்ணகிரி, தருமபுரி உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அடுத்த தேர்தலை உரிய காலத்தில் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். தொழிலாளி தன் கைக்காசில் ஏறக்கூடிய முதல் படி அதுதான். எம்.பி. சம்பளத்தைப் பற்றிக் கேட்கும் அதே குரலில், ஊராட்சித் தேர்தலைத் தேதி தவறாமல் நடத்து என்றும், வேட்பாளராக நிற்கும் தொழிலாளிக்கு வேலை போகாத விடுப்பு கொடு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. முதலாவதை மாநில அரசிடமும் மாநிலத் தேர்தல் ஆணையத்திடமும் கேட்க வேண்டும். இரண்டாவதற்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பிக்குப் பக்கத்தில் இன்னொரு பிரிவைச் சேர்த்தால் போதும். அதற்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவர அமைச்சராக இல்லாத எந்த எம்.பி.க்கும் உரிமை உண்டு, கிருஷ்ணகிரி, தருமபுரி எம்.பி.க்கள் உட்பட.